ரயில் பெட்டிக்கு ஒரு ஜாதகம்!

அடையாறு பக்கம் வீடா உங்களுக்கு? இல்ல, காலேஜா? அப்போ கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர்... இந்த மூணு ஸ்டேஷன்ல ஏதாவது ஒண்ணுல நின்னு பறக்கும் ரயிலுக்காகத் தவம் கிடந்திருப்பீங்க. வண்டி வந்ததும் என்ன பார்ப்பீங்க? ஜன்னல் சீட் காலியா இருக்கா, நம்ம கேங் எந்தப் பெட்டியில இருக்கு, இன்னும் சில 'முக்கியமான' விஷயங்கள்... சரி சரி, அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் பெட்டிக்கு என்ன வயசு, எங்கே பொறந்துச்சு, கடைசியா எப்போ 'ஆஸ்பத்திரி'க்குப் போச்சு, ரிட்டயர் ஆனப்புறம் என்ன ஆகும்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?

இதை யோசிக்கிறதுக்குன்னே ஒரு சப்ஜெக்ட் இருக்கு பாஸ். பேரு, ப்ராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட். செல்லமா பி.எல்.எம். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன் படிக்கிறவங்க கேம்பஸ் இன்டர்வியூவுல இந்த மூணு எழுத்தைக் கண்டிப்பா கேள்விப்படுவீங்க. 'சார், அது ஒரு சாஃப்ட்வேர்!'னு சொல்லி எஸ்கேப் ஆகிடலாம்னு நினைச்சா... ஸாரி. பாதி மார்க்தான் கிடைக்கும்.

அப்போ முழு மார்க்குக்கு? வாங்க, பெரம்பூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

ஜாதகம்னா என்ன?

ஒரு குழந்தை பொறந்ததும் நம்ம வீட்டுல ஜாதகம் எழுதுறாங்க. நாள், நேரம், ஊர் எல்லாம் அதுல இருக்கும். அப்புறம் தடுப்பூசி கார்டு, ஸ்கூல் டி.சி., மார்க் ஷீட், ஆதார்னு ஒவ்வொண்ணாச் சேரும். ஒரு மனுஷனோட கதையே இந்தக் காகிதங்கள்லதான். இப்போ இதெல்லாம் அப்பாவோட பீரோ, பாட்டியோட டிரங்குப் பெட்டி, உங்க ஹாஸ்டல் ரூம்னு சிதறிக் கிடந்தா என்ன ஆகும்? பாஸ்போர்ட் எடுக்கப் போற அன்னிக்கு வீடே ரணகளம்!

ஒரு பொருளுக்கும் அதே கதைதான். ஐடியா, டிசைன், சோதனை, தயாரிப்பு, பராமரிப்பு, கடைசியில விடை கொடுத்தல்... இந்த ஆறு கட்டத்துலயும் உருவாகிற அத்தனை தகவலையும் ஒரே இடத்துல, ஒரே உண்மையா வெச்சுக்கறதுதான் பி.எல்.எம். 'ஒரே உண்மை'ங்கறதை அடிக்கோடு போட்டுக்கங்க. ஒரே டிராயிங் ஆளாளுக்கு ஒரு வெர்ஷனா இருக்கக் கூடாது. அவ்ளோதான் மேட்டர்.

சாஃப்ட்வேருக்கு என்ன வேலை? டீம்சென்டர், விண்ட்சில், இனோவியான்னு பல பேர்ல வர்றதெல்லாம் அந்த பீரோதான். பீரோ வாங்கிட்டா மட்டும் வீடு ஒழுங்காகிடுமா என்ன?

சுவிஸ்ல விதை, பெரம்பூர்ல பிரசவம்

நம்ம ஹீரோ, ஐ.சி.எஃப். பெட்டி. 1955 அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூர்ல இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியைத் திறந்து வெச்சவர் பிரதமர் நேரு. டிசைன், சுவிட்சர்லாந்து கம்பெனியோடது. 'இன்டெக்ரல்'னு பேர்லயே ஒரு டெக்னிக்கல் மேட்டர் ஒளிஞ்சிருக்கு. அடியில தனியா ஒரு சட்டம், அது மேல உட்கார வெச்ச கூடு என்பது பழைய ஸ்டைல். அடித்தளம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஒரே குழாய் மாதிரி பாரத்தைத் தாங்குறதுதான் இன்டெக்ரல். எல்லாமே ஸ்டீல்!

ஆரம்பத்துல இங்கே கூடு மட்டும்தான் செஞ்சாங்க. சீட், பெர்த், ஃபேன், லைட் எல்லாம் பொருத்தி முழுப் பெட்டியா வெளியே அனுப்பற ஃபர்னிஷிங் டிவிஷன் 1962-லதான் வந்துச்சு. அந்தப் பழைய டிசைன்ல கடைசிப் பெட்டி ஐ.சி.எஃப்.பை விட்டு வெளியே போனது 2018 ஜனவரியில. கணக்குப் போட்டுப் பாருங்க... 62 வருஷத்துக்கு மேல! முதல் டிராயிங்கை வரைஞ்சவர் பேரனே ரிட்டயர் ஆகிற அளவுக்கு ஒரு டிசைன் உயிரோட இருந்திருக்கு.

அதை விடுங்க, ஒரு தனிப் பெட்டிக்கு என்ன ஆயுசு? பழைய ஐ.சி.எஃப். டிசைனுக்கு 25 வருஷம். இப்போ செய்யற எல்.ஹெச்.பி. டிசைனுக்கு 35 வருஷம். இந்த வருஷம் தயாராகிற ஒரு பெட்டி ரிட்டயர் ஆகும்போது, இதைப் படிக்கிற உங்க தலை நரைச்சிருக்கும். அதுவரைக்கும் அந்தப் பெட்டியில இருக்கிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் யாராவது பதில் சொல்லணும். 'இது எந்த டிராயிங்படி போட்டது? எப்போ மாத்தினது? ஏன் மாத்தினது?'

லிஸ்ட் ஒண்ணு... ரூபம் மூணு!

பி.எல்.எம்.ல நுழைஞ்சதும் முதல்ல முட்டிக்கிற வார்த்தை பில் ஆஃப் மெட்டீரியல். 'பாம்'னுதான் கூப்பிடுவாங்க. பயப்படாதீங்க, வெடிக்காது!

கல்யாண சமையலை நினைச்சுக்கங்க. பொண்ணு வீட்டுக்காரர் கையில இருக்கிறது மெனு. சாம்பார், வத்தக்குழம்பு, அவியல், பாயசம். மயிலாப்பூர்ல இருந்து வர்ற சமையல்காரர் கையில இருக்கிறது மளிகை லிஸ்ட். பருப்பு இத்தனை கிலோ, வெல்லம் இத்தனை கிலோ, முதல்நாள் ராத்திரியே நறுக்க வேண்டிய காய் என்னென்ன. பந்தி பரிமாறுறவர் கையில இன்னொரு லிஸ்ட். எது சீக்கிரம் தீரும், எதை எக்ஸ்ட்ரா வெச்சுக்கணும். மூணும் ஒரே சாப்பாட்டைப் பத்தினதுதான். ஆனா மூணும் வேற வேற!

ரயில் பெட்டிக்கும் அப்படியே. டிசைன் பண்றவர் வேலையை வெச்சுப் பிரிப்பார்: கூடு, போகி, பிரேக், எலெக்ட்ரிக்கல். ஃபேக்டரிக்காரர் வரிசையை வெச்சுப் பிரிப்பார்: முதல்ல வெல்டிங், அப்புறம் பெயின்ட், அதுக்கப்புறம் உள்வேலை. பேசின் பிரிட்ஜ் டெப்போவுல பெட்டிக்கு அடியில குனிஞ்சு வேலை பார்க்கிறவருக்கு வேண்டியது மூணாவது லிஸ்ட்: எதைக் கழட்ட முடியும், எது சீக்கிரம் தேயும், மாத்துறதுக்கு எந்த நம்பர் பார்ட் கேட்கணும்.

டிசைனர் மெனுவுல அவியலுக்குப் பதில் கூட்டுன்னு மாத்திட்டு, சமையல்காரர்கிட்ட சொல்லாம விட்டா? அந்தக் கல்யாணத்துல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். மெனுவுல ஒரு வரி மாறினா மத்த ரெண்டு லிஸ்ட்டும் தானா உஷாராகணும். பி.எல்.எம்.மோட பாதி வேலை அதுதான்.

வாஷ்பேசின் ஆழமாச்சு... அப்புறம்?

2018 அக்டோபர்ல இதே ஐ.சி.எஃப்.ல இருந்து வந்துச்சு 'டிரெய்ன் 18'. அப்போ ஜெனரல் மேனேஜரா இருந்தவர் சுதான்ஷு மணி. பேப்பர்ல இருந்து பிளாட்பாரத்துக்கு வர சுமார் 18 மாசம்தான் ஆச்சு. 2019 பிப்ரவரியில வந்தே பாரத்ங்கற பேர்ல டெல்லி - வாரணாசி ஓட ஆரம்பிச்சுது. 2022 நவம்பர்ல சென்னை - மைசூரு ரூட்டுக்கும் வந்தாச்சு.

ஓடின பிறகு என்ன ஆச்சு? பயணம் பண்ணினவங்க குறை சொன்னாங்க. சீட் இன்னும் சாயணும், சார்ஜர் பாயின்ட் கைக்கு எட்டலை, வாஷ்பேசின்ல தண்ணி தெறிக்குது. 2023-ல காவி நிறத்துல வந்த புது வண்டியில இதையெல்லாம் சேர்த்து 25 மாற்றம் செஞ்சதா அறிவிச்சாங்க. அதுல ஒண்ணு, வாஷ்பேசினை ஆழமாக்கினது.

'இது ஒரு மேட்டரா? ஆழமா ஒரு பேசின் வாங்கி மாட்டினா முடிஞ்சுது!'ன்னு தோணுதா? நீங்களே அந்த இன்ஜினீயர்னு வெச்சுக்கங்க. பேசின் ஆழமானா அடியில தண்ணி போற குழாய் இடிக்குமா? பேசின் உட்கார்ற பேனலோட டிராயிங் மாறுமா? புது பார்ட்டுக்குப் புது நம்பர் வேணுமா, இல்ல பழைய நம்பர்லயே அடுத்த ரிவிஷனா? சப்ளையர்கிட்ட ஏற்கெனவே ஆர்டர் கொடுத்த பழைய பேசின்களை என்ன செய்யறது? எந்த வண்டியில இருந்து புதுசு? பழைய வண்டியில பேசின் உடைஞ்சா புதுசு அதுல உட்காருமா?

இந்தக் கேள்வியையெல்லாம் ஒரே தாள்ல எழுதி, சம்பந்தப்பட்ட எல்லாரும் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான் மாத்தணும். இதுக்கு இன்ஜினீயரிங் சேஞ்ச் ஆர்டர்னு பேர். 'எந்த வண்டியில இருந்து'ங்கற கேள்விக்கு எஃபெக்டிவிட்டின்னு பேர். இன்டர்வியூவுல இந்த ரெண்டு வார்த்தையையும் உதாரணத்தோட சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்!

72-ல இருந்து 80

ஒரு பேசினுக்கே இவ்ளோன்னா, மொத்தப் பெட்டியும் மாறினா? பழைய ஐ.சி.எஃப். பெட்டி நீளம் சுமார் 21.3 மீட்டர். ஜெர்மன் டிசைன் எல்.ஹெச்.பி. சுமார் 23.5 மீட்டர். ஸ்லீப்பர்ல 72 பெர்த் இருந்தது 80 ஆச்சு. உடனே ரிசர்வேஷன் கம்ப்யூட்டருக்குத் தெரியணும். இல்லேன்னா 73-ம் நம்பர்க்காரர் டிக்கெட்டே எடுக்க முடியாது!

பழசுல பிரேக் கட்டை சக்கரத்து மேலேயே அழுத்தும். புதுசுல டிஸ்க் பிரேக். அதனால டெப்போவுல வைக்கிற ஸ்பேர் வேற, அங்கே வேலை செய்யறவங்களுக்குக் கொடுக்கிற டிரெய்னிங் வேற. பழசுல ரெண்டு பெட்டியை இணைக்கிறது திருகுக் கொக்கி, பக்கத்துக்கு ஒரு பஃபர். புதுசுல நடுவுல ஒரே கப்ளர். விபத்து நடந்தா ஒரு பெட்டி இன்னொண்ணு மேல ஏறாம தடுக்கிற அமைப்பு அது. பழைய டிசைனுக்கு டாட்டா காட்ட இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு லேபிளோட விலை

இதுவரைக்கும் ஜாலியாப் பேசிட்டோம். இப்போ கொஞ்சம் சீரியஸா.

2023 ஜூன் 2. ஷாலிமார்ல இருந்து நம்ம சென்ட்ரலுக்கு வந்துட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவில பாலசோர் பக்கத்துல பஹானாகா பஜார் ஸ்டேஷன்ல மெயின் லைன்ல போக வேண்டியது, லூப் லைனுக்குத் திரும்பி நின்னுட்டிருந்த கூட்ஸ் வண்டி மேல மோதிச்சு. 290 பேருக்கு மேல உயிர் போச்சு. அதுல ஓடினது பாதுகாப்பான எல்.ஹெச்.பி. பெட்டிகள்தான். அப்போ எங்கே தப்பு?

ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிச்சார். அந்த ஸ்டேஷன்ல முன்னாடி ஒரு காலத்துல சிக்னல் சர்க்யூட்டை மாத்தினப்போ நடந்த குறைபாடும், விபத்தன்னிக்கு லெவல் கிராசிங் கேட் தடுப்பு சம்பந்தமா நடந்த வேலையில இருந்த குறைபாடும்தான் காரணம்னு 2023 ஜூலையில அரசு நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. கேட் பக்கத்துப் பெட்டிக்குள்ள இருந்த வயர்களோட லேபிள், அந்த வயர்கள் நிஜமா செய்யற வேலையோட பொருந்தலைங்கறது விசாரணையில தெரிய வந்துச்சு.

திரும்பப் படிங்க. வயரை மாத்தியாச்சு. லேபிளை மாத்தலை. வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகலை. ஒருநாள் வேற ஒருத்தர், வேற ஒரு வேலைக்காக அந்தப் பெட்டியைத் திறக்கிறார். எழுதியிருக்கிறதை நம்பறார்.

இருக்கிறதும் எழுதியிருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். பி.எல்.எம். பாடப் புத்தகத்துல கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்னு போர் அடிக்கிற பேர்ல வர்ற சாப்டர் இதுதான். எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி சாய்ஸ்ல விடறோமே, அதே சாப்டர்.

வயர் பத்தலை சார்!

வெளிநாட்டுக்காரங்க மட்டும் பெரிய யோக்கியமான்னு கேட்காதீங்க. ஏர்பஸ் ஏ380 ஞாபகம் இருக்கா, ரெண்டு மாடி விமானம்? ஒரு விமானத்துக்குள்ள சுமார் 530 கிலோமீட்டர் வயர். ஜெர்மனி டீம் டிசைன் சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன்ல வேலை செஞ்சுது. பிரான்ஸ் டீம் புது வெர்ஷன்ல. ஹாம்பர்க்ல தயாரான பின்பாகம் துலூஸுக்கு வந்து சேர்ந்தப்போ, கட்டுக்கட்டா வயர் நீளம் பத்தலை! கையால சரிசெஞ்சு, மாசக்கணக்குல தள்ளிப் போட்டு, முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபர்ல.

இதுக்கு நேர்மாறான கதையும் இருக்கு. 1985 வாக்குல அமெரிக்கன் மோட்டார்ஸ்னு ஒரு கம்பெனி. பெரிய கம்பெனிகள் அளவுக்குக் காசு இல்லை. அதனால கம்ப்யூட்டர்ல வரையணும், எல்லா டிராயிங்கும் எல்லா மாற்றமும் ஒரே டேட்டாபேஸ்ல இருக்கணும்னு முடிவெடுத்தாங்க. ஜீப் கிராண்ட் செரோக்கி இந்த முறையில உருவானதுதான். 1987-ல கிரைஸ்லர் அந்தக் கம்பெனியை வாங்கினப்போ இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கிச்சு. பி.எல்.எம். பொறந்த கதைன்னா இதைத்தான் சொல்வாங்க. ஆக, இது பணக்காரங்க சமாச்சாரம் இல்லை. கையில காசில்லாதவன் கண்டுபிடிச்ச வழி!

பெட்டிக்குள் பெட்டி: நீங்களே ஜாதகம் பார்க்கலாம்!

சென்ட்ரல் இல்ல எழும்பூர் போனா எக்ஸ்பிரஸ் பெட்டி மேல எழுதியிருக்கிற நம்பரைப் பாருங்க. முதல் ரெண்டு இலக்கம், தயாரான வருஷம். 04213-னா 2004-ல பொறந்தது. ஐந்து இலக்க நம்பர்ல கடைசி மூணு இலக்கம் 201-ல இருந்து 400-க்குள்ள இருந்தா ஸ்லீப்பர். பெட்டியோட கோடிப் பக்கத்துச் சுவர்ல பெரிய சர்வீஸ் கடைசியா எப்போ, எங்கே நடந்துச்சு, அடுத்து எப்போ திரும்ப வரணும்னும் எழுதியிருக்கும். ஐ.சி.எஃப். பெட்டிக்கு அது 18 மாசத்துக்கு ஒரு தடவை. எல்.ஹெச்.பி.க்கு 18 மாசம், 3 வருஷம், 6 வருஷம்னு மூணு படி. பெயின்ட்லயே எழுதின பி.எல்.எம்.!

முடிவும் மறுபிறவியும்

வயசான பெட்டி உடனே பழைய இரும்புக் கடைக்குப் போறதில்லை. பயணிகளைச் சுமந்து முடிச்ச பெட்டிகள்ல பலதை சீட் எல்லாம் கழட்டி, ஜன்னலை அடைச்சு, கோடியில பெரிய கதவு வெச்சு, கார், பைக் ஏத்திட்டுப் போற வண்டியா மாத்தறாங்க. அப்பவும் அந்தப் பழைய டிராயிங் வேணும். எந்தச் சுவரை வெட்டலாம், எது பாரத்தைத் தாங்கற சுவர்னு அது ஒண்ணுதான் சொல்லும். இன்டெக்ரல்னு சொன்னோமே, ஞாபகம் இருக்கா? இஷ்டத்துக்கு வெட்டினா கூடே வலுவிழந்துடும்.

தயாரிப்பு நின்னாலும் பொறுப்பு நிக்காது. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு, இந்தியாவில கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா அறிவிச்சுது. அடுத்த வருஷம் மறைமலை நகர்ல கடைசி வண்டியும் வெளியே வந்தாச்சு. ஆனா ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு சர்வீஸ், ஸ்பேர் எல்லாம் தொடரும்னு சொன்னாங்க. சொல்றது சுலபம். இனிமே செய்யப் போறதே இல்லாத ஒரு காருக்கு, எந்த பார்ட், எத்தனை வருஷத்துக்கு, எத்தனை தேவைப்படும்னு கணக்குப் போடறது யாரு? லிஸ்ட் சரியா வெச்சிருக்கிறவன்தான்.

சரி, நமக்கு என்ன?

'கம்பெனியில சேர்ந்தா பார்த்துக்கலாம்'னு நினைக்காதீங்க. இன்னிக்கே ஆரம்பிக்கலாம், காசு வேண்டாம். உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்க. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமாவே ஃபைனல்'னு மூணு ஃபைல் இருக்கா? நாலு பேர் டீம்ல அதுல எது லேத்துக்குப் போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?

முதல் வேலை, ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு நம்பர். அது கடைசிவரை மாறவே கூடாது. ரெண்டாவது, திருத்தும்போதெல்லாம் ஏ, பி, சின்னு ரிவிஷன் எழுத்து. பழசை அழிக்காதீங்க, 'காலாவதி'ன்னு எழுதி ஓரமா வைங்க. மூணாவது, ஒரு நோட்டுல மாற்றப் பதிவு. யார், என்னிக்கு, எதை, ஏன். அந்த 'ஏன்' ரொம்ப முக்கியம். 'எதை'ன்னு டிராயிங்கைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். 'ஏன்'ங்கறது உங்க மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு, நீங்க பாஸ் அவுட் ஆனதும் அதுவும் கூடவே போயிடும். நாலாவது, செஞ்சு முடிச்ச பொருளை டிராயிங்கோட ஒப்பிட்டுப் பாருங்க. வொர்க்‌ஷாப்ல அவசரத்துக்கு 8 மில்லி துளையை 10 மில்லியாக்கியிருப்பீங்க. அதை டிராயிங்லயும் ஏத்துங்க.

இவ்ளோ செஞ்சா பி.எல்.எம்.மோட அடிப்படை உங்க கைக்கு வந்தாச்சு. சாஃப்ட்வேர் எந்த பட்டனை அமுக்கணும்னு கத்துக்கறது அப்புறம் சில மாச வேலை. நேரம் கிடைச்சா வில்லிவாக்கம் பக்கத்துல இருக்கிற ரயில் மியூசியத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. புத்தகத்துல ஆறு கட்டம்னு அம்புக்குறி போட்டு வரைஞ்சது, அங்கே இரும்பாவே நிக்கும்.

நீங்க வரையப் போற டிராயிங்கை 30 வருஷம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்துல ஒருத்தர் பிரிச்சுப் பார்ப்பார். உங்களை அவருக்குத் தெரியாது. போன் பண்ணிக் கேட்கவும் முடியாது. காலையில அந்த வண்டியில ஏறப் போற ஆயிரம் பேருக்காக அவர் நம்பப் போறது, நீங்க எழுதி வெச்சதை மட்டும்தான். சரியா எழுதி வைங்க ஃப்ரெண்ட்ஸ்!